ஆபீஸ் மாப்பிள்ளை லாரி ஏறிவிட்டார், அத்தை

என்னைப் பெறாமலே என்னைத் திட்டும் உரிமையை எடுத்துக்கொண்ட என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திதி கொடுத்த அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். இலையில் வடை வைக்கும்போது வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் அவர் நின்றிருந்தார், விழுங்கிவிட்டேன். இப்போது அவர் இல்லை. ஐயோ, அப்படி எழுதக்கூடாது. வீட்டில் இல்லை என்று எழுத வேண்டும். பாருங்கள், எழுதத் தொடங்கி நாலு வரிக்குள் அடித்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பிள்ளை ஆபீஸ் வேலையை விட்டுவிட்டார். லாரி ஓட்டுகிறார்.

கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. திட்டு வாங்கிப் பழகியவளுக்குத் திட்டாத சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருக்கிறது. உங்கள் படத்துக்கு மாலை போட்டிருக்கிறோம். அதில் நீங்கள் சிரிக்கிறீர்கள். எந்த நாளில் அப்படிச் சிரித்தீர்கள் என்று எனக்கும் உங்கள் பேத்தி வனிதாவுக்கும் இன்னும் சந்தேகம்.

திங்கட்கிழமை மங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனார். கூட யூசுப் பாய் இருக்கிறார், மாமாவோடு வண்டி ஓட்டியவர், உங்களுக்குத் தெரிந்தவர்தான். போய்ச் சேர்ந்ததும் ராஜண்ணா கடைக்குப் போன் செய்வார், ராஜண்ணா என்னைக் கூப்பிட்டு விடுவார், அதுதான் வழக்கம். இன்று வெள்ளிக்கிழமை. போன் வரவில்லை. இங்கே பெங்களூரில், நம் ஒக்கலிபுரத்தில் சும்மா தூறிக்கொண்டிருக்கிறது, துவைத்த துணி மூன்று நாளாகக் காயாமல் நாறுகிறது. மேற்கே மங்களூர் போகும் மலைப்பக்கம் பேய்மழையாம். காலையில் பால் வாங்கப் போனபோது ராஜண்ணா கன்னடப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஷிராடி காட்ல ரோடு பந்த் ஆயிடிச்சும்மா. குட்டா குசிதிதெ. மலை சரிஞ்சிடிச்சு. லாரி காடியெல்லாம் அங்கியே நிக்குதாம். நீ யோச்னெ மாட்பேடா."

சரிந்த மலைக்கு இந்தப் பக்கம் நிற்கிறாரா, அந்தப் பக்கம் நிற்கிறாரா? இரண்டும் இல்லாமல் நடுவிலா? ராஜண்ணாவிடம் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

வீட்டைப் பெருக்கவில்லை. இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒருவர் பயணம் கிளம்பினால் உடனே துடைப்பத்தை எடுக்கக்கூடாது என்பது எங்கள் குடியாத்தத்திலும் உண்டு. ஆனால் அது ஒரு நாழிகை, மிஞ்சினால் ஒரு வேளை. நீங்கள் மாமா ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை துடைப்பத்தைத் தொட மாட்டீர்கள். புதுப்பெண்ணாக வந்த எனக்கு, இவ்வளவு பேச்சு பேசுகிற பொம்பிளை வீட்டைக் குப்பையாக வைத்திருக்கிறாளே என்றுதான் தோன்றியது. திங்கட்கிழமையிலிருந்து என் வீட்டு மூலையில் சேர்ந்திருக்கும் குப்பையை நீங்கள் பார்க்க வேண்டும்.

நீங்கள் பெண் பார்க்க வந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பிள்ளையின் சம்பளத்தைச் சொல்வார்கள், குணத்தைச் சொல்வார்கள். நீங்கள் உட்கார்ந்ததும் சொன்னது, "எம்புள்ளைக்கு ஃபேனுக்கு கீழ வேலை" என்பதுதான். ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி, சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க், காலையில் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு. எங்கள் அப்பா அந்த ஃபேனில்தான் மயங்கினார். அம்மா மட்டும், "அப்பா லாரி டிரைவராமே, புள்ளையும் நாளைக்கு அதுக்குப் போயிட்டா?" என்று கேட்டாள். நீங்கள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள். "நான் உசிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது" என்றீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தீர்கள், என்ன சொல்ல!

கல்யாணமாகி வந்த முதல் வாரமே நமக்குள் பிரச்சினை தொடங்கிவிட்டது. எதைக் கேட்டாலும் "நீ யோசனை பண்ணாதே" என்பீர்கள். மாமாவுக்குச் சோறு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டால், யோசனை பண்ணாதே. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலா இருக்குமோ என்றால், யோசனை பண்ணாதே. எனக்கு உள்ளே எரியும். பத்தாவது பாஸ் செய்தவள் நான், யோசிக்கும் வேலையை எல்லாம் மாமியார் வைத்துக்கொண்டு எனக்குப் பாத்திரம் தேய்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறாள் என்று எங்கள் அம்மாவிடம் அழுதிருக்கிறேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து உங்களைத் திட்டினாள்.

பிறகு வனிதா பிறந்து ஒரு தடவை அவளுக்கு வாந்தி நிற்காதபோது, இதே ராஜண்ணா ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, "யோச்னெ மாட்பேடம்மா, ஏனூ ஆகல்லா" என்றார். ஆட்டோவில் போகும்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லுக்குச் சொல் அது உங்கள் யோசனை பண்ணாதேதான்; கன்னடத்தில் அதற்குக் கவலைப்படாதே என்று பொருள். நீங்கள் தலைமுறைகளாகப் பெங்களூரில் இருந்து அந்தப் பொருளையே தமிழுக்கும் எடுத்துக்கொண்டு விட்டீர்கள். அத்தனை நாளும் நீங்கள் என்னிடம் சொன்னது கவலைப்படாதே, கவலைப்படாதே, கவலைப்படாதே. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து நர்ஸ் பயந்துபோனாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாரிடமும் கவலைப்படாதே என்ற நீங்கள், மாமா வண்டியில் போன நாட்களில் என்ன செய்தீர்கள்? எனக்குத் தெரியும். காலையில் குளித்துவிட்டு வாசல் படியில் உட்காருவீர்கள். அரிசி புடைப்பீர்கள், புடைத்த அரிசியையே மறுபடியும் புடைப்பீர்கள். தெருமுனையில் யார் வேகமாக வந்தாலும் உங்கள் கை நின்றுவிடும். மாமா வீடு திரும்பினால் முதல் வார்த்தை, "செருப்ப வெளியில விடுங்க, எவ்ளோ சேறு!" அவ்வளவுதான். மாமா கடைசிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது என்னிடம் பெருமையாகச் சொன்னார்: "உங்க அத்தை தைரியசாலிம்மா. முப்பது வருசம் நான் ரோட்ல இருந்தேன், ஒரு நாளும் அவ பயந்ததில்ல." நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மருந்து பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தீர்கள். அந்த மனிதர் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

சரி, உங்கள் பிள்ளை கதைக்கு வருகிறேன்.

உங்கள் பதினாறாம் நாள் முடிந்து ஆபீசுக்குப் போனார். ஒரு மாதம் போனார். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்று, "அம்மாவுக்காகப் போயிட்டு இருந்தேன் மல்லி. இப்ப யாருக்காகப் போறேன்?" என்று கேட்டார். நான் ஏதோ துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, "வனிதாவுக்காகப் போங்க, பஸ் போயிடப்போவுது" என்று அனுப்பி வைத்தேன். அடுத்த மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டு யூசுப் பாயோடு கலாசிபாளையம் லாரி ஸ்டாண்டில் போய் நின்றார். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்வாரே, எந்தக் கடைக்கும் போகவில்லை. யஷ்வந்த்பூர் யார்டில் காலி வண்டியைக் கொடுத்து ஓட்டப் பழக்கியிருக்கிறார். உங்கள் முதுகுக்குப் பின்னால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்த திருட்டுத்தனம். இதைக் கேட்டு நீங்கள் மாமாவை அங்கே என்ன செய்கிறீர்களோ, அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்படுகிறேன்.

எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வந்தது, அத்தை. உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் இன்னும் பத்து வருடம் இருந்திருக்கக்கூடாதா? நீங்கள் இருந்தவரை அவர் ஃபேனுக்குக் கீழே பத்திரமாக இருந்தார். நீங்கள் போனீர்கள், அவரும் ரோட்டுக்குப் போனார். நடுவில் நான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக நினைவோடு பேசிய நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை வண்டி ஏற விடாதடி" என்றீர்களே. சத்தியம் கேட்கவில்லை நீங்கள். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல் இந்த ஒரு வருடமாக என் கழுத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ஏதோ ஒரு சங்கத்திலிருந்து இரண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். "டிரைவர் வீடு எது அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன், அந்த எய்ட்ஸ் நோயைப் பற்றிப் படம் காட்டிப் பேசினார்கள். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்கள். எனக்குக் காது கூசிவிட்டது. ஆபீஸ்காரர் வீட்டுக்கு இவர்கள் ஏன் போவதில்லை என்று கேட்டு அனுப்பினேன். ஆனால் அவர்கள் வைத்துவிட்டுப் போன பயம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் வந்ததும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நேராகக் கேட்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னை அப்படி நெனச்சியா?" என்றார். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேட்டது நல்லதுதான். கேட்டுட்டே இரு" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். நீங்கள் மாமாவிடம் எப்போதாவது கேட்டீர்களா? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டீர்களா?

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அவருக்குத் துரோகம். உங்கள் பிள்ளை இப்போது பேசுகிறார். கல்யாணமான நாளிலிருந்து ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்த மனிதர், "ம்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர், நான் பேசிப் பேசி ஓய்ந்துபோன மனிதர், இப்போது ஒரு வாரம் கழித்து வந்து வாசலிலேயே கதையைத் தொடங்கிவிடுகிறார். எந்த ஊரில் மழை, எந்தச் செக்போஸ்ட்டில் சண்டை, யூசுப் பாய் குறட்டையில் பக்கத்து வண்டிக்காரன் ஹார்ன் அடித்தது. வனிதா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வீட்டில் இரண்டு நாள்தான் இருக்கிறார், அந்த இரண்டு நாளும் எனக்கு வாய் வலிக்கிறது. இதைச் சந்தோஷம் என்று சொல்லலாமா? சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமா?

இப்போது உண்மையான விஷயம். ஆபீசில் அவர் இடத்தில் வந்த பையன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டானாம். பழைய மேனேஜர் ஆள் அனுப்பியிருந்தார். சேகர் திரும்பி வரட்டும், அதே நாற்காலி, அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று. அவர் கிளம்பும் நாளில் இந்தச் செய்தி வந்தது. லுங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம், "நீயே சொல்லு மல்லி. யோசனை பண்ணி சொல்லு. மங்களூர்லேர்ந்து போன் பண்றேன். வான்னா வந்துடறேன், போன்னா போறேன். நீ சொல்றதுதான்" என்றார்.

பெங்களூர்த் தமிழில் சொன்னாரா, எங்கள் ஊர்த் தமிழில் சொன்னாரா? யோசித்துச் சொல்லச் சொன்னாரா, கவலைப்பட்டுச் சொல்லச் சொன்னாரா? திங்கட்கிழமையிலிருந்து நான் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். கவலைதான் பெரும்பங்கு. சோறு இறங்கவில்லை. தெருமுனையில் யாராவது வேகமாக வந்தால் என் கை நின்றுவிடுகிறது. இன்று காலை ராஜண்ணா மலை சரிந்ததைச் சொன்ன பிறகு முடிவே ஆகிவிட்டது. உங்களுக்குத் தலையாட்டியதைக் காப்பாற்றப் போகிறேன். அவர் குரலைக் கேட்டவுடன் சொல்ல வேண்டியதை நாக்கிலேயே வைத்திருக்கிறேன்: வந்துடுங்க. வேறொன்றும் பேசப்போவதில்லை. குரல் மட்டும் வரட்டும் அத்தை, நீங்கள் அங்கே யாரிடம் கேட்க வேண்டுமோ கேளுங்கள்.

ராஜண்ணா கூப்பிடுகிறார். இருங்கள்.

வந்துவிட்டேன். வனிதா பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றுகிறாள். நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

"மல்லி, நான்தான்" என்றார். "மலைக்கு இந்தப் பக்கந்தான், சக்லேஷ்புரத்துல இருக்கேன். லைனே இல்ல, கம்பமெல்லாம் சாஞ்சிடிச்சு. நீ யோசனை பண்ணிட்டிருப்பேன்னு பாய் என்னைத் திட்டிட்டே இருக்காரு." பிறகு நிறுத்தவே இல்லை. கண்ணுக்கு எட்டினவரைக்கும் வண்டிகளாம். பாய் ஸ்டவ்வில் குஸ்கா செய்து பின்னால் நின்ற பஞ்சாப்காரர்களுக்குக் கொடுத்தாராம், அவர்கள் ரொட்டி கொடுத்தார்களாம். வண்டிக்கு அடியில் நாய் ஒன்று குட்டி போட்டிருக்கிறதாம். "அப்புறம் ஒரு பாறை மல்லி, நம்ம வீடு அத்தனை பெருசு. எங்களுக்கு முன்னால நாலு வண்டி. அந்த நாலு வண்டிக்கு முன்னால வந்து உக்காந்துச்சு பாரு! யாருக்கும் ஒண்ணும் ஆவல."

நாலு வண்டி. அதைக் கதையாகச் சொல்கிறார் அந்த மனிதர். கடைக் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாக்கு நுனியில் அந்த வார்த்தை இருந்தது.

அப்போது அவர் தானாகவே நிறுத்தி, "என்ன முடிவு பண்ணே? சொல்லு. வந்துடட்டுமா? வந்துடறேன்" என்றார்.

அத்தை, அந்த "வந்துடறேன்" எனக்குத் தெரிந்த குரல். ஐந்தரை மணிக் குரல். சுவரைப் பார்த்துப் படுக்கும் குரல். ஒரு நொடி முன்னால் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசிய மனிதர் எங்கே போனார்?

நான் சொல்ல வைத்திருந்தது ஒன்று, வந்தது ஒன்று. "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன். கடையில் ராஜண்ணா இருந்தார், பிஸ்கட் வாங்க வந்த பெண் இருந்தாள். எதையும் பார்க்கவில்லை. "ரொம்பப் பயமா இருக்கு. நீங்க கெளம்பின நிமிசத்துலேர்ந்து பயமா இருக்கு. நீங்க ஆபீசுக்குத் திரும்பிப் போக வேணாம். மேனேஜர் கிட்ட நான் சொல்லிக்கறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் பயப்படுவேன், ஒவ்வொரு தடவையும் உங்க கிட்ட சொல்லுவேன். நீங்க கேட்டுக்கணும். உங்கம்மா மாதிரி என்னால முழுங்கிட்டு உக்கார முடியாது."

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா பயந்தாங்களா?" என்றார்.

"தெனமும்."

"கௌரவத்துக்குன்னு நெனச்சேன் மல்லி. டிரைவர் பொண்டாட்டின்னு சொல்லிக்க வெக்கப்பட்டு என்னை ஆபீசுக்கு அனுப்பினாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். இத்தனை வருசமா." குரல் உடைந்துவிட்டது. பிறகு யூசுப் பாய் போனை வாங்கி, "அரே, அழவெச்சிட்டியேம்மா, வண்டி யாரு ஓட்றது?" என்று கத்தினார். அதோடு லைன் போய்விட்டது.

இவ்வளவுதான் நடந்தது. பாதை நாளைக்குத் திறப்பார்களாம். நிச்சயம் இல்லையாம். திறந்தாலும் அந்தப் பாறை இருந்த இடத்தைத் தாண்டித்தான் அவர் போக வேண்டும், தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். என் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை, அத்தை. ராஜண்ணா இந்தத் தடவை "யோச்னெ மாட்பேடா" என்று சொல்லவில்லை, வனிதாவுக்கு என்று ஒரு மிட்டாயைக் கையில் வைத்தார்.

உங்களுக்குத் தலையாட்டியதை நான் காப்பாற்றவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் சுலபத்தில் மன்னிக்கிற ஆளும் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாக்குத் தருகிறேன், இந்தத் தடவை வாயைத் திறந்தே தருகிறேன். வனிதா நாளைக்கு எந்த வேலைக்குப் போகிறேன் என்று சொன்னாலும், எந்த ஊருக்குப் போகிறேன் என்று சொன்னாலும், "எனக்குப் பயமா இருக்கு" என்று அவளிடமும் சொல்வேன். சொல்லிவிட்டு வழியை விட்டு நகர்ந்து நிற்பேன்.

நீங்கள் முப்பது வருடம் வாசல் படியில் உட்கார்ந்திருந்ததை உங்கள் பிள்ளை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். சக்லேஷ்புரத்தில், மழையில், நூறு லாரிகளுக்கு நடுவில் நின்று உங்களுக்காக அழுதுகொண்டிருக்கிறார்.

உங்கள் பேச்சைக் கேட்காத மருமகள்,
நம் குடும்பத்தின் இரண்டாவது டிரைவர் வீட்டுக்காரி,
மல்லிகா